வறுவலா, கரியா? காப்பிக் கொட்டையும் ஒரு பழைய மார்க்கத் தீர்ப்பும்

காப்பி என்றதும் தமிழ்நாட்டு முஸ்லிம்களில் பலருக்குத் தம் வீட்டு அடுப்படி நினைவுக்கு வருவதில்லை. கும்பகோணமும், டிகிரி காப்பியும், பித்தளை டபராவும், ஒரு காலத்தில் காப்பி கிளப்புகளின் முகப்பில் தொங்கிய சாதிப் பெயர்ப் பலகையுமே நினைவுக்கு வருகின்றன. நம் இல்லங்களில் தேநீருக்கே முதலிடம். விருந்துக்குப் பின் சுலைமானி வரும். காப்பி பிறருடைய பானம் என்னும் எண்ணம் நம்மிடையே எவ்வாறோ படிந்துவிட்டது. ஆனால் இப்பானத்தைப் பற்றிய முதல் நூறாண்டுக்கும் மேற்பட்ட காலத்து எழுத்துச் சான்றுகளை எடுத்துப் பார்த்தால், அவை ஏறத்தாழ முழுவதும் முஸ்லிம் அறிஞர்கள் எழுதியவை. அவற்றிலும் பெரும்பகுதி ஃபிக்ஹு விவாதங்கள். குடிக்கலாமா, கூடாதா? கூடுமெனில் எங்கே, எவ்வாறு, யாருடன்? இவ்வினாக்களோடு, இன்று நாம் அறவே மறந்துவிட்ட வினா ஒன்றும் இருந்தது. நெருப்பில் இட்ட கொட்டை வறுவலாகவே நிற்கிறதா, அன்றிக் கரியாகிவிடுகிறதா என்பதே அது.

பார்வைக்கு இது சமையலறை வினாப்போல் தோன்றும். உண்மையிலும் அது சமையலறை வினாதான். எனினும் ஒரு பேரரசின் தலைநகரில் முஃப்திகள் இதனை முன்வைத்துத் தடை விதித்தனர். பின்னர் வந்தவர்கள் இதனையே முன்வைத்துத் தடையை நீக்கினர். அவ்வினாவை ஏட்டில் மட்டும் வைத்துப் பார்த்தால் விடை கிடைக்காது. ஏட்டையும் அடுப்பையும் ஒருசேர வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையில் நாம் செய்ய முயல்வது.

முதலில் ஏடு. ஹிஜ்ரி 10ஆம் நூற்றாண்டில், அதாவது கி.பி. 16ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், அப்துல் காதிர் அல்ஜஸீரி என்னும் அறிஞர் 'உம்தத்துஸ் ஸஃப்வா ஃபீ ஹில்லில் கஹ்வா' என்ற நூலை எழுதினார். கஹ்வா ஆகுமானது என நிறுவுவதே அதன் நோக்கம் என்பது தலைப்பிலேயே தெரிகிறது. காப்பியின் தொடக்கம் பற்றி நாம் இன்று அறிந்திருப்பவற்றுள் நம்பத்தக்க செய்திகள் பலவும் அந்நூல் வழியாக வந்தவையே. ஆடு மேய்த்த சிறுவன் ஒருவன் கண்டுபிடித்தான் என்பன போன்ற கதைகள் மிகவும் பிற்காலத்தன. அவற்றை ஒதுக்கிவிடலாம்.

ஜஸீரி திரட்டித் தரும் செய்திகளின்படி, இப்பானம் யமன் நாட்டு ஸூஃபிகளிடையே பரவியது. ஏடன் நகரத்து மார்க்கச் சட்ட அறிஞர் முஹம்மது இப்னு ஸஈத் அத்தப்ஹானீ (ரஹ்) செங்கடலுக்கு அப்பால் ஆப்பிரிக்கக் கரையில் மக்கள் இதனைப் பயன்படுத்தியதைக் கண்டார். ஊர் திரும்பியபின் நோயுற்ற வேளையில் அதனை அருந்தி, அது சோர்வை நீக்கி உறக்கத்தை விரட்டுவதை உணர்ந்தார். பின்பு தாமும் தம்மைச் சார்ந்த ஸூஃபிகளும் இரவு வணக்கத்துக்குத் துணையாக அதனைக் கொண்டனர். அவர் மறைந்தது ஹிஜ்ரி 875இல், கி.பி. 1470-71இல். அதற்கு முன்பே மோக்கா துறைமுகத்தில் அடங்கிய அலீ இப்னு உமர் அஷ்ஷாதுலீ (ரஹ்) அவர்களையே காப்பியை அறிமுகப்படுத்தியவராகக் கொள்ளும் மரபும் உண்டு. எது முந்தியது என்னும் வழக்கில் நாம் இறங்க வேண்டியதில்லை. அல்ஜீரியாவில் காப்பிக்கே 'ஷாதுலிய்யா' என்றொரு பெயர் வழங்கியது என்பது மட்டும் நோக்கத்தக்கது. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் கொழும்பிலும் ஷாதுலிய்யா தரீக்காவின் திக்ரு மஜ்லிஸ்களில் அமர்ந்தவர்கள், அந்தப் பெயர் ஒரு கோப்பையின் மேலும் பொறிக்கப்பட்டிருந்தது என்பதை அறிந்தால் வியப்படைவர்.

கெய்ரோவில் அல்அஸ்ஹரின் யமனியர் பகுதியில் நடந்த ஒரு காட்சியும் ஜஸீரியின் நூலில் பதிவாகியுள்ளது. திங்கள், வெள்ளி இரவுகளில் ஸூஃபிகள் கூடுவர். செம்மண் நிறப் பெரிய மண் பாண்டத்தில் கஹ்வா இருக்கும். அவர்களின் தலைவர் சிறிய அகப்பையால் முகந்து வலப்புறமாக ஒவ்வொருவருக்கும் வழங்குவார். நாவுகளில் திக்ரு ஓடிக்கொண்டிருக்கும். அங்கிருந்த பொதுமக்களுக்கும் பங்கு உண்டு. காப்பிக்கடை என்பது உலகில் தோன்றுமுன் காப்பி இருந்த இடம் இது.

கஹ்வா என்னும் சொல்லே பின்னாளில் இடர் விளைவித்தது. அரபுக் கவிதையில் அது மதுவின் பெயர்களுள் ஒன்றாக வழங்கி வந்தது. பெயரைக் கேட்டே சிலர் முகம் சுளித்தனர். கி.பி. 1511இல், மக்காவின் முஹ்தஸிபாக இருந்த காயிர் பேக் என்பவர், இரவில் ஹரம் ஷரீஃபின் அருகே சிலர் கூடிக் கோப்பையைக் கைமாற்றிக் குடிப்பதைக் கண்டு ஐயுற்றார். மறுநாளே அறிஞர்களைக் கூட்டினார். அந்த அவையில் நிகழ்ந்த வாதம் கூர்ந்து நோக்கத்தக்கது. அவ்வாறு கூடும் முறை தவறு என்பதில் அறிஞர்கள் உடன்பட்டனர். கொட்டையைப் பற்றிக் கேட்டபோதோ, அது ஒரு தாவரப் பொருள். தாவரங்கள் அடிப்படையில் ஆகுமானவை. தீங்கு உண்டு என நிறுவப்பட்டாலன்றி விலக்க இயலாது என்றனர். இதுவே 'அஸ்லுல் இபாஹா' என்னும் விதி. உடனே மருத்துவர் இருவர் அழைக்கப்பட்டு, அது உடலுக்குத் தீங்கு என்று சாட்சி கூறினர். தடை வந்தது, காப்பி தெருவில் எரிக்கப்பட்டது. ஆனால் கெய்ரோவில் ஸுல்தான் கான்ஸூஹ் அல்கவ்ரீயின் அரசிலிருந்து வந்த ஆணை, முறைகேடான கூட்டங்களைக் கண்டித்ததேயன்றிப் பானத்தை முற்றிலும் விலக்கவில்லை. மக்காவில் மீண்டும் காப்பி ஓடியது.

இந்த அவையில் வறுத்தல் பெரிய பேச்சாகவில்லை. அதற்குக் காரணம் இருக்கலாம். யமனில் கொட்டையை மட்டுமன்றி அதன் மேல்தோலையும் காய்ச்சிக் குடிப்பர். 'கிஷ்ர்' என வழங்கும் அப்பானம் இன்றும் யமனில் உண்டு, அது கருநிறமன்று. காப்பி வடக்கு நோக்கிச் செல்லச் செல்லத் தோல் பின்தங்கியது. கொட்டை மட்டும் பயணம் செய்தது. கொட்டையைக் குடிக்கத்தக்கதாக்க நெருப்பே வழி. இவ்வாறு, காப்பி இஸ்தன்பூலை அடைந்தபோது அது கருநிறப் பொடியின் பானமாக இருந்தது.

ஹிஜ்ரி 962இல் (கி.பி. 1554-55), அலெப்போவைச் சேர்ந்த ஹகம் என்பவரும் டமாஸ்கஸைச் சேர்ந்த ஷம்ஸ் என்பவரும் இஸ்தன்பூலில் காப்பிக்கடைகள் திறந்ததாக வரலாற்றாசிரியர் பெச்சேவி இப்ராஹீம் எழுதுகிறார். அங்கே நூல் படிப்பவர், சதுரங்கம் ஆடுபவர், புதுக் கவிதை கொண்டுவருபவர் எனப் பலரும் கூடினர். பள்ளிவாசல்கள் வெறிச்சோடிக் காப்பிக்கடைகள் நிரம்புகின்றன என்று முறையீடு எழுந்தது. அப்போதுதான் முஃப்திகள் சிலர் அந்த வாதத்தை எடுத்தனர்: கரியின் நிலையை எட்டுமளவு சுடப்பட்ட பொருள் உண்ணத்தகாதது, இக்கொட்டை அவ்வாறு சுடப்படுகிறது, ஆகவே இது விலக்கப்பட்டது. புகழ்பெற்ற ஷைகுல் இஸ்லாம் அபுஸ்ஸுஊத் எஃபெந்தியின் பெயரும் இந்த எதிர்ப்போடு சேர்த்துச் சொல்லப்படுகிறது. காப்பி ஏற்றி வந்த கப்பல்களில் துளையிட்டுச் சரக்கைக் கடலில் மூழ்கடிக்கச் செய்தார் என்றொரு செய்தியை 17ஆம் நூற்றாண்டின் பேரறிஞர் காத்திப் செலெபி, கேள்விப்பட்டதாகத் தம் நூலில் குறிக்கிறார்.

இந்த வாதத்தை நாம் எளிதாகத் தள்ளிவிடக் கூடாது. கரி உணவன்று, உடலுக்குத் தீங்கு தருவதை உண்ணக் கூடாதென்பது பொதுவிதி. விதி சரியானதே. விதி இந்தப் பொருளுக்குப் பொருந்துகிறதா என்பதே கேள்வி. சட்ட அறிஞர் ஏட்டை விட்டு எழுந்து வேறோர் அறிவைத் தேட வேண்டிய இடம் இதுதான். மக்காவில் மருத்துவரைக் கேட்டார்கள். இஸ்தன்பூலில் கேட்க வேண்டியவர் காப்பி வறுப்பவர். ஒட்டோமான் அரசின் ஷைகுல் இஸ்லாமாக 1589 முதற்கொண்டு இருமுறை பதவி வகித்து 1598இல் மறைந்த போஸ்தான்ஸாதா முஹம்மது எஃபெந்தி, காப்பி ஆகுமானது என விரிவான தீர்ப்பொன்றைச் செய்யுள் வடிவிலேயே வழங்கினார். கொட்டை கரியின் நிலையை எட்டுவதில்லை. ஆதலால் குடிப்பது கூடும் என்னும் நிலைப்பாடு அக்காலத்தில் வேரூன்றியது. அதன்பின் அறிஞர், ஷைகு, அமைச்சர் எனக் குடிக்காதவரே இல்லை என்கிறார் பெச்சேவி. 1633இல் நான்காம் முராத் காப்பிக்கடைகளை மூடியபோதுகூட அவருடைய அச்சம் கடைகளில் நடந்த அரசியல் பேச்சைப் பற்றியதே எனலாம். கொட்டையின் மீதான வழக்கு அதற்குள் முடிந்துவிட்டிருந்தது.

இனி அடுப்பு. அதற்கு நாம் உத்திரமேரூர் வட்டாரத்தைத் தேர்ந்துகொள்கிறோம். காஞ்சிபுரத்திலிருந்து தெற்கே ஏறத்தாழ 30 கி.மீ. தொலைவில் உள்ள இவ்வூரை வரலாறு படித்தோர் அனைவரும் அறிவர். முதற் பராந்தக சோழன் காலத்தில் 919, 921ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட குடவோலைக் கல்வெட்டுகள் இங்கேதான் உள்ளன. வாரியத்துக்கு நிற்பவர் 35 வயதுக்குக் குறையாமலும் 70 வயதுக்கு மேற்படாமலும் இருக்க வேண்டுமென வரையறுத்த ஊர்; எல்லை வகுப்பது இதற்குப் புதிதன்று. ஆனால் நம் பேச்சு கல்வெட்டைப் பற்றியதன்று. இது ஏரிப் பாசன ஊர்ப்புறம். நெல்லும் வேர்க்கடலையும் விளையும். காப்பிச் செடி இங்கே ஒன்றுகூட விளையாது. எனவே, செடியின் பெருமையோ தோட்டத்தின் அழகோ இங்கே குறுக்கிடாது. பச்சைக் கொட்டை, சட்டி, தீ, கை ஆகிய நான்கு மட்டுமே எஞ்சும். அதோடு, கடலை விளையும் ஊர்களில் வறுத்தல் என்பது குழந்தைப் பருவத்திலேயே கண்ணிலும் மூக்கிலும் பழகிவிடும் தொழில். வட தமிழகத்து முஸ்லிம்களில் பெரும்பான்மையோர் ஹனஃபி மத்ஹபினர் என்பதால், இஸ்தன்பூலின் ஹனஃபி முஃப்திகள் எழுப்பிய வினா இந்த அடுப்படிக்கு அந்நியமானதும் அன்று.

பச்சைக் காப்பிக் கொட்டை ஊர்க் கடையில் கிட்டாது. காஞ்சிபுரத்திலோ செங்கல்பட்டிலோ சென்னையிலோ, கொட்டையை வறுத்து அரைத்துத் தூளாக விற்கும் கடைகளில் கேட்டுப் பெறலாம். அங்கே 'பிளான்டேஷன்', 'பீபெர்ரி', 'ரொபஸ்டா' என மூன்று பெயர்கள் காதில் விழும். முதலாவது, பழத்தின் சதையை நீக்கி நீரில் கழுவி உலர்த்திய அராபிகா. பீபெர்ரி என்பது ஒரு பழத்துக்குள் இரண்டு விதைக்குப் பதில் ஒன்றே உருண்டு விளைந்தது, உருண்டையாக இருப்பதால் சட்டியில் எளிதாகப் புரளும், கைவறுவலுக்கு ஏற்றது. ரொபஸ்டா கசப்பும் கெட்டியும் மிக்கது. எதுவாயினும் பச்சைக் கொட்டைக்குக் காப்பியின் மணம் சிறிதும் இராது. சாம்பல் கலந்த பசுமை நிறம். கடித்தால் பல் வலிக்கும். முகர்ந்தால் உலர்ந்த அவரை விதைபோல் இருக்கும். இதற்குள் அந்த மணம் ஒளிந்திருக்கிறதென்று முதன்முதலில் யார் கண்டார் என்பதை எந்த நூலும் சொல்லவில்லை.

கடலையைப் போல் சூட்டு மணலில் இதனை வறுக்க முடியாது. கொட்டையின் நடுவே ஓடும் பிளவில் மணல் தங்கிவிடும். அடிகனமான இரும்பு வாணலியே தக்கது. முந்தைய தலைமுறைத் தமிழ் வீடுகள் சிலவற்றில் கைப்பிடியால் சுழற்றும் இரும்பு உருளையைக் கரியடுப்பின் மேல் வைத்து வறுத்தனர். மேசை விளிம்பில் திருகிப் பொருத்தும் கைம்மிஷினில் அரைத்தனர். உருளை இல்லாதபோது வாணலியும் மரக் கரண்டியும் போதும். ஒருமுறைக்குக் கால் கிலோவுக்கு மேல் போடக் கூடாது. மிகுந்தால் ஒரு பக்கம் கருக, மறுபக்கம் பச்சையாகவே நிற்கும். சீமைக்கருவேல விறகானால் தழல் கனன்று நெடுநேரம் நிற்கும். சுவாலையைக் காட்டிலும் தழலே நல்லது. வாயு அடுப்பானால் தீயை நடுத்தரமாக வைத்துக்கொள்ளலாம். எதுவாயினும் கை நிற்கக் கூடாது.

முதல் நான்கைந்து நிமிடங்களில் பார்ப்பதற்கு ஒன்றும் நிகழாது. கொட்டையில் 10 முதல் 12 விழுக்காடு ஈரம் உண்டு. தீ முதலில் அதனையே விரட்டுகிறது. பசுமை வெளிறி மஞ்சளாகும். நனைந்த வைக்கோலை வெயிலில் காயவைத்தாற்போன்ற வாடை எழும். அதன்பின் வாடை மாறும். 150 பாகை செல்சியசைக் கடக்கும்போது, கொட்டையிலுள்ள சர்க்கரையும் புரதக் கூறுகளும் தம்முள் வினைபுரியத் தொடங்குகின்றன. அடுப்பில் ரொட்டியின் மேற்பரப்பு சிவக்கும்போது நிகழ்வதும் இதே வினைதான். அதனால் மணமும் சுட்ட ரொட்டியின் மணமாகவே இருக்கும். நிறம் இலவங்கப்பட்டையின் நிறத்தை அடையும். கொட்டையை ஒட்டியிருந்த மெல்லிய வெள்ளித்தோல் கழன்று பறக்கத் தொடங்கும்.

ஏறத்தாழ 200 பாகையை நெருங்கும்போது கொட்டை வெடிக்கும். உள்ளே நீராவியும் வாயுவும் சேர்ந்து சுவர்களை உடைக்கும் ஒலி அது. பொரி பொரிவது போலத் தெளிவாகக் கேட்கும். கொட்டை பருக்கும். இந்த முதல் வெடிப்பு ஓய்ந்தால் அது குடிக்கத்தக்க காப்பி. மேலும் தீயில் வைத்தால் நிறம் செறியும்; புளிப்பு குறைந்து கசப்பு ஏறும். 225 பாகையளவில் இரண்டாம் வெடிப்பு. இதன் ஒலி சன்னமானது. உலர்ந்த சருகை மிதிப்பது போல் சடசடக்கும். இப்போது மேற்பரப்பில் எண்ணெய் பளபளக்கும், புகை நீலமாகும். நம் நாட்டு வடிகட்டிக் காப்பிக்கு விரும்பப்படும் பதம் பெரும்பாலும் முதல் வெடிப்பு முடிந்து இரண்டாவது தொடங்கும் வரையுள்ள இடைவெளியில் அமைகிறது. அந்த இடைவெளி சட்டியில் இரண்டு மூன்று நிமிடங்களே. அதற்குள் இறக்கி முறத்திலோ அகன்ற தாம்பாளத்திலோ கொட்டி, காற்றோட்டமான முற்றத்தில் ஆற்ற வேண்டும். அடுப்பை அணைத்தாலும் கொட்டையின் உள்ளிருக்கும் வெப்பம் தொடர்ந்து வறுக்கும். சட்டியிலேயே விட்டவர் தாம் எண்ணியதைவிடக் கருத்த காப்பியையே பெறுவார். முறத்தில் இட்டுப் புடைத்தால் வெள்ளித்தோல் பறந்துவிடும். நெல் புடைக்கத் தெரிந்த கைக்கு இதைக் கற்றுத் தர வேண்டியதில்லை.

தமிழில் இதற்கெல்லாம் 'பதம்' என்று ஒரே சொல் உண்டு. பாகு பதம், சோற்றுப் பதம், வறுவல் பதம். அளவுகோலால் சொல்ல முடியாத, ஆனால் தவறினால் உடனே தெரிந்துவிடும் எல்லை அது. இஸ்தன்பூல் முஃப்திகள் வினவியதும் ஓர் எல்லையைத்தான்: எந்தப் புள்ளியில் வறுவல் கரியாகிறது? வெப்பமானி இல்லாத அக்காலத்தில் அதனை அறிந்திருந்தவர்கள் வறுப்பவர்களே. அவர்களுள் பலர் பெண்கள் என்பதும் கருதத்தக்கது. எத்தியோப்பியாவில் இன்றும் விருந்தினர் முன்னிலையில் பச்சைக் கொட்டையைக் கழுவி, சட்டியில் வறுத்து, எழும் புகையை அவர்கள்பால் விசிறுபவர் அவ்வீட்டுப் பெண்ணே. விவாதித்தோரின் பெயர்கள் ஏடுகளில் உள்ளன. விடையைக் கையில் வைத்திருந்தோரின் பெயர்கள் இல்லை.

இக்கால அறிவைக் கொண்டு அந்தப் பழைய வழக்கை மீண்டும் எடுத்தால் என்ன தெரியும்? மூன்று செய்திகள் தெரியும். விறகு கரியாவது காற்றுப் புகாத நிலையில், பொதுவாக 400 பாகையும் அதற்கு மேலும் சூடேறும்போது. காப்பிக் கொட்டையோ 230 பாகையை ஒட்டியே இறக்கப்படுகிறது. அடுத்து, எடை. ஒரு கிலோ பச்சைக் கொட்டையை வறுத்தால் 800 முதல் 850 கிராம் வரை மிஞ்சும்; குறைவது பெரும்பாலும் நீர். விறகு கரியாகும்போது எடையில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் போய்விடும். தராசு ஒன்று போதும், இரண்டும் ஒரே செயலன்று என்பதைக் காட்ட. மூன்றாவதே நமக்கு மிகவும் வலுவான சான்றாகத் தோன்றுகிறது. கரியை நீரிலிட்டு எவ்வளவு கொதிக்கவைத்தாலும் அது நீருக்கு ஒன்றையும் தருவதில்லை. வறுத்த காப்பியோ தன் எடையில் கால் பங்குக்கு மேல் நீரில் கரையத்தக்க பொருளாகக் கொண்டுள்ளது. நிறம், மணம், கசப்பு, உறக்கத்தை விரட்டும் காஃபீன் ஆகியன அதிலேயே உள்ளன. காஃபீன் வறுத்தலில் பெரிதும் அழிவதில்லை. கருநிறம் இரண்டுக்கும் பொது; அதற்குமேல் பொதுவானது மிகக் குறைவு. போஸ்தான்ஸாதாவின் தரப்புக் கண்டது சரியே.

ஆயினும் எதிர்த்தரப்பு முழுவதும் பிழையென்றும் சொல்லிவிட முடியாது. இரண்டாம் வெடிப்பையும் தாண்டிச் சட்டியில் விடப்பட்ட கொட்டை உண்மையிலேயே கருகுகிறது. அதன் சுவை சாம்பலின் சுவை, அதில் மணமில்லை. அக்காலத்துக் கடைகளில் அவ்வாறு கருக்கிய கொட்டை விற்கப்பட்டிருக்கவும் கூடும். அதைக் கண்டு தீர்ப்புச் சொன்னவர் கண்டதைத்தான் சொன்னார். மலிவான கொட்டையின் குறையை மறைக்க மிகுதியாகக் கருக்கும் வழக்கம் இன்றும் வணிகத்தில் உண்டு. ஒரே கொட்டை, ஒரே சட்டி, ஐந்து நிமிட இடைவெளி, தீர்ப்பு மாறிவிடுகிறது.

கரிக்கு மிக அப்பால் நிற்கும் வறுவலை நம்மவரில் பலர் கண்டிருப்பர். வளைகுடா நாடுகளில் பணியாற்றித் திரும்பியவர்கள் அங்கே தல்லாவிலிருந்து ஃபின்ஜானில் ஊற்றித் தரப்படும் கஹ்வாவின் வெளிர்மஞ்சள் நிறத்தைக் கண்டு, இதுவும் காப்பியா என எண்ணியிருக்கக்கூடும். முதல் வெடிப்பை ஒட்டியே, சில வேளை அதற்கு முன்பே இறக்கி, இடித்து, ஏலம் சேர்த்துக் காய்ச்சியது அது. 2015இல் யுனெஸ்கோ நிறுவனம், சஊதி அரேபியா, ஐக்கிய அரபு அமீரகம், ஓமான், கத்தார் ஆகிய நான்கு நாடுகளின் கூட்டு மரபாக அரபுக் காப்பியைத் தன் பட்டியலில் சேர்த்தது. தட்டையான இரும்புச் சட்டியில் இளவறுவலாக வறுப்பது முதல், செம்பு உரலில் இடித்து, மூத்தவருக்கோ முதன்மை விருந்தினருக்கோ முதலில் கால் கோப்பையளவு ஊற்றுவது வரை அம்மரபின் பகுதியே. வறுத்த தூளை வாங்கி வைத்திருந்து ஊற்றுவது விருந்தோம்பலாகக் கருதப்படவில்லை. வந்தவருக்காக வறுக்க வேண்டும். உரலின் ஒலி அண்டை அயலாருக்குக் கேட்க வேண்டும்.

அரேபியாவிலிருந்து காப்பி நம் நாட்டுக்கு எப்படி வந்தது என்பதிலும் வறுத்தலுக்கு ஒரு பங்குண்டு. 1616க்கும் 1619க்கும் இடையே முகலாய அரசவைக்கு வந்த ஆங்கிலத் தூதர் தாமஸ் ரோவின் குழுவில் இருந்த எட்வர்டு டெர்ரி என்னும் பாதிரியார், மார்க்கப் பற்றுடையோர் மதுவைத் தவிர்த்து, கருநிற விதையைக் கொதிக்கவைத்த நீரை அருந்துவதாக எழுதியுள்ளார். எனவே வறுத்த கொட்டை, செடிக்கு முன்பே இந்தியாவுக்கு வந்துவிட்டது எனலாம். செடி வந்த வரலாறு வாய்வழி மரபாகவே நமக்குக் கிடைக்கிறது. முளைக்கும் கொட்டை யமனை விட்டு வெளியேறாதபடி அதனை வேகவைத்தோ வறுத்தோதான் ஏற்றுமதி செய்தார்கள் என்பது மரபுச் செய்தி. ஹஜ்ஜுக்குச் சென்ற பாபா புதன் (ரஹ்) என்னும் ஸூஃபி, 17ஆம் நூற்றாண்டில் ஏழு பச்சைக் கொட்டைகளை மறைத்துக் கொண்டுவந்து சிக்மகளூர் மலையில் ஊன்றினார் என்பர். அம்மலை இன்று அவர் பெயரால் பாபா புதன்கிரி என வழங்குகிறது. 2019இல் அங்கு விளையும் அராபிகாவுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. முஸ்லிம்களும் இந்துக்களும் நெடுங்காலம் கூடி வணங்கிய அங்குள்ள குகைத் தலம், அண்மைப் பதிற்றாண்டுகளில் வழக்குக்கும் கிளர்ச்சிக்கும் உரியதாக ஆக்கப்பட்டது வருந்தத்தக்கது. தமிழகத்தில் 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் ஏற்காட்டு மலையில் காப்பியை அறிமுகப்படுத்தினார். அது வெள்ளையர் தோட்டத் தொழிலின் கதை. ஏழு கொட்டைகளின் கதையை எண்ணித் துல்லியமாக நிறுவ முடியாது. ஆனால் அக்கதை ஓர் உண்மையைத் தெளிவாக அறிந்திருக்கிறது: வறுத்த கொட்டை முளைக்காது.

வீட்டில் வறுப்போர் பச்சையாகவே வாங்கி வைப்பதன் காரணமும் இதனோடு தொடர்புடையது. ஈரம்படாமல் வைத்தால் பச்சைக் கொட்டை ஓராண்டளவும் கெடாமல் இருக்கும். வறுத்தபின் சில வாரங்களே. அரைத்துவிட்டால் மணம் சில நாள்களில் வடிந்துவிடும். வறுத்த அன்றே அரைப்பதும் நன்றன்று. வறுத்த கொட்டை கரியமில வாயுவை வெளியேற்றிக்கொண்டே இருக்கும். ஓரிரு நாள் மூடி தளர்ந்த பாத்திரத்தில் வைத்திருந்து அரைத்தால் வடிகட்டியில் டிகாக்ஷன் சீராக இறங்கும். உத்திரமேரூர்ப் பக்கத்து வீடொன்றில் மாதம் ஒரு கிலோ பச்சைக் கொட்டை வாங்கி வாரம் ஒருமுறை வறுப்பதில் பெரிய செலவோ உழைப்போ இல்லை. ஒவ்வொரு முறையும் இருபது நிமிடம் அடுப்பை விட்டு அகலாமல் நிற்க வேண்டும், அவ்வளவே.

வேறொரு பயனும் உண்டு. தமக்கென வறுப்பவருக்குத் தம் கோப்பையில் இருப்பது என்ன என்பது தெரியும். சந்தையில் விற்கும் தூளில் பெரும்பகுதி சிக்கரி கலந்தது. சிக்கரி என்பது ஒரு கிழங்கு. அதனையும் வறுத்தே பொடிக்கிறார்கள். கலவையில் காப்பி 51 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாதென்பது இந்திய உணவுச் சட்டம். உறையில் அளவைக் குறித்து விற்பதில் குற்றமில்லை. கெட்டியான நிறத்துக்காக அதனை விரும்பிக் கேட்போரும் உளர். குறிக்காமல் கலப்பதும், புளியங்கொட்டைத் தோலையும் பேரீச்சங்கொட்டையையும் வறுத்துப் பொடித்துச் சேர்ப்பதும் ஷரீஅத் 'கிஷ்ஷு' எனக் கண்டிக்கும் ஏமாற்று. சந்தையில் எடையையும் கலப்படத்தையும் கண்காணிப்பதுதான் முஹ்தஸிபின் முதற்கடமை. மக்காவின் காயிர் பேக் 1511இல் கோப்பையைத் துரத்தியதற்குப் பதில் மூட்டையைப் பிரித்துப் பார்த்திருந்தால் அவருடைய பதவிக்குப் பொருத்தமாக இருந்திருக்கும். இன்று அதனை வீட்டிலேயே செய்துகொள்ளலாம். கண்ணாடிக் குவளையில் குளிர்ந்த நீரை நிரப்பி, ஒரு சிட்டிகைத் தூளை அசைக்காமல் மேலே தூவ வேண்டும். காப்பித்தூள் எண்ணெய்ப் பசை உள்ளதால் சற்று நேரம் மிதக்கும். சிக்கரி சில நொடிகளில் நனைந்து, பின்னே பழுப்பு நிறக் கோடொன்றை இழுத்துக்கொண்டு அடியில் இறங்கும்.